போர்க்காலத் தலைப்புச் செய்திகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் என்றால் சாவு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சாவில் சிரிக்க ஒன்றும் இல்லை, அந்தப் பக்கம் நான் போகவும் மாட்டேன். சிரிப்பு வருவது தலைப்பில்தான். அதுவும் ஒரு தலைப்பைத் தனியாகப் பார்த்தால் வராது, அடுத்தடுத்த நாள் பேப்பர்களை வரிசையாக வைத்துப் படிக்க வேண்டும். நேற்று தோற்று ஓடிய எதிரி இன்று நம் ஊருக்கு இன்னும் பக்கத்தில் தோற்று ஓடுகிறான், நாளைக்கு அடுத்த தெருவில் தோற்று ஓடுவான் என்கிற மாதிரி போகும். எழுதியவர்கள் சிரிக்கவைக்க நினைத்து எழுதவில்லை, தணிக்கை அதிகாரி ஒரு பக்கம், பயந்துபோன வாசகர்கள் இன்னொரு பக்கம், நடுவில் உட்கார்ந்து அச்சுக்கு நேரமாகிறதே என்று எழுதினார்கள். அதைப் புரிந்துகொண்டு சிரிக்கலாம் என்பதுதான் என் கட்சி.

லண்டனில் போரைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எழுதி வைத்தார்களாமே, நிஜமா?

நிஜம்தான். 1940 கோடையில் ஜெர்மன் விமானங்கள் கூட்டம் கூட்டமாக இங்கிலாந்துக்கு வந்துகொண்டிருந்தன. காகிதத் தட்டுப்பாட்டில் பத்திரிகைகளே மெலிந்துபோயிருந்தன, போஸ்டருக்குக் காகிதம் ஏது? அதனால் தெருமுனையில் பேப்பர் விற்பவர்கள் கரும்பலகையில் சாக்பீஸால் தாங்களே தலைப்பு எழுதி வைத்தார்கள். அதில் மிகவும் பேர்பெற்றது இது: 'இதுவரை இல்லாத பெரிய தாக்குதல். ஸ்கோர் 78க்கு 26. இங்கிலாந்து இன்னும் பேட்டிங்.' ஜெர்மனி இழந்தது 78 விமானம், பிரிட்டன் இழந்தது 26 என்று கணக்கு. தலைக்கு மேல் குண்டு விழுகிற ஊரில் இதை எழுதியவருக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்திருக்க வேண்டும்! எனக்கு இந்தப் பலகை மேல் ரொம்பப் பிரியம்.

ஸ்கோர்தான் தப்பு. செப்டம்பர் 15 அன்று மட்டும் 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தார்கள், மறுநாள் பத்திரிகைகளில் அதுதான் பெரிய எழுத்தில் வந்தது. போருக்குப் பின் ஜெர்மன் ஆவணங்களைப் பார்த்தால் விழுந்தது 60ஐ ஒட்டித்தான். இதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒரே விமானத்தை மூன்று பேர் சுடுகிறார்கள், அது புகைந்துகொண்டே மேகத்துக்குள் போய்விடுகிறது, மூன்று பேரும் இறங்கி வந்து 'நான்தான் வீழ்த்தினேன்' என்று மனதார எழுதிக்கொடுக்கிறார்கள்; கூட்டினால் மூன்று. ஜெர்மனிப் பக்கம் இதைவிட மோசம். பிரிட்டனிடம் போர் விமானங்கள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன என்றே அவர்கள் நம்பியிருந்தார்கள், அன்றைக்கு அணி அணியாக ஸ்பிட்ஃபயர்களும் ஹரிக்கேன்களும் எதிரே வந்ததைக் கண்டு அவர்களுடைய விமானிகளுக்கே அதிர்ச்சி.

கேரட் சாப்பிட்டால் இருட்டில் கண் தெரியும் என்பதும் ஒரு போர்க்காலச் செய்திதானா?

கேரட் கண்ணுக்கு நல்லது என்பது பழைய பேச்சு. அதைப் பத்திரிகைச் செய்தியாக்கி வீடுவீடாகக் கொண்டுபோனது போர்தான். ஜான் கன்னிங்ஹாம் என்ற விமானி இரவு நேரத்தில் ஜெர்மன் விமானங்களைத் தேடிப் பிடித்து வீழ்த்திக்கொண்டிருந்தார். உண்மையான காரணம், விமானத்துக்குள்ளேயே பொருத்திய ரேடார். அதை வெளியே சொல்ல முடியாதே! அதனால் அவருக்குப் 'பூனைக் கண்' என்று பட்டம் சூட்டி, கேரட் சாப்பிட்டுத்தான் இந்தப் பார்வை வந்தது என்று செய்தி போட்டார்கள். சர்க்கரைக்குத் தட்டுப்பாடு, கேரட்டோ குவிந்து கிடந்தது, உணவு அமைச்சகத்துக்கும் இது வசதியாகப் போயிற்று. இதை நம்பி ஜெர்மனி ஏமாந்ததற்கு ஆதாரம் கிடையாது. ஏமாந்தது நம் அம்மாக்களும் பாட்டிகளும்தான். கேரட் பொரியல் நல்லதுதான், சாப்பிடுங்கள், இருட்டில் நடக்க டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

வராத எதிரியோடு சண்டை போட்டதாகச் செய்தி வந்திருக்கிறதா?

லாஸ் ஏஞ்சலஸில் வந்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1942 பிப்ரவரி 23 அன்று ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி கலிஃபோர்னியா கரைக்கே வந்து எண்ணெய் வயல் மேல் சுட்டுவிட்டுப் போயிருந்தது, ஊரே நடுங்கிக்கொண்டிருந்த நேரம். 25ஆம் தேதி விடியற்காலையில் சங்கு ஊதியது, விளக்குகள் அணைந்தன, விமான எதிர்ப்பு பீரங்கிகள் 1,400க்கு மேற்பட்ட குண்டுகளை வானத்தில் சுட்டுத் தள்ளின. 'லாஸ் ஏஞ்சலஸ் பகுதி தாக்கப்பட்டது!' என்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் சிறப்புப் பதிப்பே போட்டது.

வானத்தில் யாரும் இல்லை. காற்றில் மிதந்த வானிலை பலூன் ஒன்றில் இது தொடங்கியிருக்கலாம் என்பது பிற்கால முடிவு, அப்புறம் தாங்கள் சுட்ட குண்டின் புகையையே விமானம் என்று நினைத்து மறுபடி சுட்டிருக்கிறார்கள். கடற்படை அமைச்சர் நாக்ஸ் அன்றைக்கே 'வெறும் பொய் அலாரம்' என்றார். போர் அமைச்சர் ஸ்டிம்சனோ மறுநாள் '15 விமானங்கள் வரை வந்திருக்கலாம்' என்றார். ஒரே அரசாங்கம், இரண்டு அமைச்சர்கள், இரண்டு தலைப்பு. அந்த இருட்டில் வண்டி மோதியும் மாரடைப்பிலும் சில பேர் இறந்துபோனார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இருப்பதிலேயே பெரிய புளுகு எது?

சந்தேகமே வேண்டாம், 1944 அக்டோபரில் ஃபார்மோசா (இன்றைய தைவான்) பக்கம் நடந்த விமானச் சண்டை பற்றி டோக்கியோவின் ராணுவத் தலைமையகம் விட்ட அறிவிப்புதான். அமெரிக்காவின் 11 விமானம் தாங்கிக் கப்பல்களை மூழ்கடித்துவிட்டோம் என்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின, சக்கரவர்த்தி பாராட்டு ஆணை வெளியிட்டார். மூழ்கிய விமானம் தாங்கிகளின் உண்மையான எண்ணிக்கை பூஜ்யம். இரண்டு குரூசர்கள் மட்டும் பலமாக அடிபட்டன, அவையும் மூழ்கவில்லை.

அமெரிக்கத் தளபதி ஹால்சி இதற்குக் கொடுத்த பதிலை அட்மிரல் நிமிட்ஸ் வெளியிட்டார். டோக்கியோ வானொலி மூழ்கடித்த கப்பல்களையெல்லாம் மீட்டுவிட்டோம், இப்போது எதிரியை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அதன் சாரம். போர்க்கால அறிக்கைகளில் இத்தனை உற்சாகமான ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதில் சிரிப்பு அடங்கிப்போகிற இடமும் உண்டு. வெற்றி பொய் என்று ஜப்பானியக் கடற்படைக்குச் சில நாளிலேயே தெரிந்துவிட்டது, தரைப்படையிடம் அதைச் சொல்லவில்லை. அமெரிக்கக் கப்பற்படை ஒழிந்தது என்று நம்பிய தரைப்படை, பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் நடத்தத் திட்டமிட்டிருந்த முடிவான போரை லெய்ட்டே தீவுக்கு மாற்றி அங்கே துருப்புகளை அனுப்பியது. பல்லாயிரம் பேர் அங்கே மாண்டார்கள். எதிரிக்காகவும் ஊருக்காகவும் சொன்ன பொய்யைச் சொந்தப் படையே படித்து நம்பியது.

அப்படியானால் ஜப்பானிய மக்களுக்குத் தோற்கிறோம் என்பதே தெரியாதா?

தெரியவிடாமல் இருக்கப் பெரும் பாடுபட்டார்கள். 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் நான்கு விமானம் தாங்கிகள் போயின, ஒன்று போயிற்று, ஒன்று சேதம் என்று அறிவித்தார்கள். 1943 பிப்ரவரியில் தெற்குப் பசிபிக்கின் குவாடல்கனால் தீவைக் கைவிட்டபோது 'பின்வாங்கல்' என்று எழுதவில்லை, படைகள் 'திசை மாறி முன்னேறின' என்று எழுதினார்கள். ஜெர்மன் பத்திரிகைகளும் இதே வேலையைச் செய்தன, அங்கே அதற்குப் பெயர் 'போர்முனையை நேராக்குதல்'. 1945 ஆகஸ்ட் 15 அன்று சக்கரவர்த்தி வானொலியில் சரணடைவதை அறிவித்தபோதுகூட 'போர் நிலவரம் ஜப்பானுக்குச் சாதகமாகத்தான் அமைந்தது என்று சொல்வதற்கில்லை' என்ற தோரணையில்தான் பேசினார்.

ஆனால் ஒன்றை மட்டும் மறைக்க வழியில்லை, ஊர்ப் பெயர். விழுந்த விமானங்களின் எண்ணிக்கையை ஏற்றலாம், தோல்விக்குப் புதுப்பெயர் சூட்டலாம், சண்டை எங்கே நடந்தது என்பதை எழுதித்தானே ஆக வேண்டும்? குவாடல்கனாலில் வெற்றி, அப்புறம் சைப்பான் பக்கம் வெற்றி, அப்புறம் ஃபார்மோசா பக்கம் வெற்றி, அப்புறம் ஒகினாவாவில் கடும் சண்டை. உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேப்பர் படித்த எவருக்கும், வெற்றிகள் தங்கள் வீட்டு வாசலை நோக்கி வந்துகொண்டிருப்பது புரிந்திருக்கும். பழைய போர்ச் செய்தி எதை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது ஊர்ப் பெயரைத்தான், எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

போர் முடிவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று போட்டது யார்?

யுனைடெட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம், 1918 நவம்பர் 7 அன்று. அதன் தலைவர் ராய் ஹோவர்ட் அமெரிக்கா திரும்பக் கப்பல் ஏறுவதற்காகப் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்துக்கு வந்திருந்தார். அங்கே இருந்த அமெரிக்க அட்மிரல் வில்சன், போர்நிறுத்தம் கையெழுத்தாகிவிட்டது என்று தனக்கு வந்த தகவலை அவரிடம் சொல்லிவிட்டார். எந்தப் பத்திரிகைக்காரர் சும்மா இருப்பார்? உடனே தந்தி பறந்தது. பார்த்துத் தடுக்க வேண்டிய தணிக்கைக்காரர்கள், போர் முடிந்த சந்தோஷத்தில் தெருவில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்கா முழுக்கப் பத்திரிகைகள் சிறப்புப் பதிப்பு போட்டன, ஆலைச் சங்குகள் ஊதின, நியூயார்க்கில் ஜன்னல் ஜன்னலாகக் காகிதத்தைக் கிழித்துக் கொட்டினார்கள். போட்டி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று உண்மையைச் சொன்னதற்கு ஜனங்கள் அதன் மேல்தான் கோபப்பட்டார்கள்! ஜெர்மன் தூதுக்குழு போர்முனையைக் கடந்து பேச்சுவார்த்தைக்கு வந்ததே அன்று இரவுதான். நான்கு நாள் கழித்து, 11ஆம் தேதி, நிஜமாகவே போர் நின்றது. மறுபடியும் ஒருமுறை கொண்டாடினார்கள்.

1945இல் கதை தலைகீழ். ஜெர்மனி சரணடைந்த செய்தியை மே 7 அன்று அசோசியேட்டட் பிரஸ் நிருபர் எட்வர்ட் கென்னடி ராணுவத் தடையை மீறி வெளியிட்டார். செய்தி நூற்றுக்கு நூறு சரி. அவருக்குக் கிடைத்தது வேலை நீக்கம். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2012இல், அதற்குள் அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. தப்பான செய்தி தந்த ஹோவர்ட் பெரிய பத்திரிகை அதிபராக வாழ்ந்தார். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆற்றாமைதான்.

நெப்போலியன் பாரிஸை நெருங்க நெருங்கப் பத்திரிகை தலைப்பை மாற்றிக்கொண்டே வந்ததாமே?

'நரமாமிசம் தின்னும் அரக்கன் குகையை விட்டுக் கிளம்பினான்' என்று தொடங்கி 'மாட்சிமை தங்கிய பேரரசர் அரண்மனைக்கு எழுந்தருளினார்' என்று முடியும் அந்த வரிசையைத்தானே கேட்கிறீர்கள்? யாரோ பிற்பாடு கோத்த கதை அது. மோனித்தேர் என்ற அரசு ஏட்டில் அந்தத் தலைப்புகள் அப்படி வந்ததில்லை. நாடுகடத்தப்பட்டிருந்த நெப்போலியன் 1815 மார்ச் 1 அன்று கரையிறங்கி 20ஆம் தேதி பாரிஸுக்குள் நுழைந்தார். நேற்றுவரை மன்னரின் ஏடாக இருந்த மோனித்தேர், 21ஆம் தேதி 'மன்னர் இரவில் கிளம்பிவிட்டார், பேரரசர் வந்து சேர்ந்தார்' என்று ஒன்றுமே நடக்காதது போல் எழுதியது. கட்டுக்கதையைவிட இந்த ஒரு நாள் பல்டி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆன்ட்வெர்ப் தேவாலய மணிக் கதை என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?

1914 அக்டோபரில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரம் ஜெர்மனியிடம் விழுந்தது. அந்தச் செய்தி வந்ததும் ஜெர்மனியில் மணி அடித்தார்கள் என்று கொலோன் பத்திரிகை எழுதியதாம். பாரிஸ் பத்திரிகை அதைப் படித்து, ஆன்ட்வெர்ப் பாதிரியார்களை மணி அடிக்கக் கட்டாயப்படுத்தினார்கள் என்று எழுதியதாம். லண்டன் பத்திரிகையில் அது, மறுத்த பாதிரியார்களைப் பதவியை விட்டுத் துரத்தினார்கள் என்றாயிற்று. இத்தாலியப் பத்திரிகையில் கடுங்காவல் தண்டனை. கடைசியில் பாரிஸ் பத்திரிகைக்கே திரும்பி வந்தபோது, பாதிரியார்களைத் தலைகீழாக மணியின் நாக்காகக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று ஆகிவிட்டதாம்.

ஆர்தர் பான்சன்பி என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி, போர்க்காலப் பொய்களைத் தொகுத்து 1928இல் வெளியிட்ட நூலில் இதை அப்படியே சேர்த்தார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் இந்தச் சங்கிலியே இட்டுக்கட்டியது. எதிரி நாட்டுப் பத்திரிகைகளைக் கிண்டல் செய்ய 1915இல் ஒரு ஜெர்மன் ஏடு தயாரித்த சரக்கு. பொய்களைத் தோலுரிக்க வந்த புத்தகமே ஒரு பொய்யை உண்மை என்று நம்பி, அதை இன்னும் நூறு புத்தகங்களுக்குக் கடத்தியது. வாட்ஸாப்பில் வரும் 'பொய்ச் செய்தி எச்சரிக்கை'களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பான்சன்பி ஞாபகம்தான்.

கற்பனை என்று எழுதியவரே சொல்லியும் நம்ப மறுத்த கதை உண்டா?

உண்டு. பெல்ஜியத்தின் மான்ஸ் என்ற இடத்தில் பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது பழங்கால வில்வீரர்களின் ஆவிகள் வந்து காப்பாற்றியதாக ஆர்தர் மாக்கென் எழுதிய சிறுகதை, 1914 செப்டம்பர் 29 அன்று லண்டன் ஈவினிங் நியூஸில் வந்தது. அடுத்த வருடத்துக்குள் வில்வீரர்கள் தேவதைகளாகிவிட்டார்கள், நேரில் பார்த்த சாட்சிகள் கிளம்பிவிட்டார்கள். 'ஐயா, அது நான் எழுதிய கதை' என்று மாக்கென் தலைபாடாக அடித்துக்கொண்டார். அவருக்கு உண்மை தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்!

பத்திரிகைகள் ஒன்றையொன்று ஏமாற்றிக்கொண்டது உண்டா?

1898இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் கியூபாவை முன்னிட்டுப் போர் வந்தது. நியூயார்க்கில் ஹியர்ஸ்டின் ஜர்னல், புலிட்சரின் வேர்ல்ட் இரண்டுக்கும் அதைவிடப் பெரிய போர். 'ஜர்னலின் போர் உங்களுக்கு எப்படிப் பிடித்திருக்கிறது?' என்று முதல் பக்கத்திலேயே கேட்ட பத்திரிகை அது. வேர்ல்ட் தன் செய்திகளைத் திருடுகிறது என்று சந்தேகப்பட்ட ஜர்னல், ரெஃப்லைப் டபிள்யூ. தெனுஸ் என்ற ஆஸ்திரிய பீரங்கிப் படைக் கர்னல் போரில் இறந்ததாக ஒரு செய்தியைப் போட்டது. வேர்ல்ட் அதை எடுத்துத் தன் சொந்தச் செய்தியாக வெளியிட்டது. அப்படி ஒரு கர்னலே கிடையாது. அந்தப் பெயரைப் பிரித்து மாற்றி அடுக்கிப் படித்தால் 'நாங்கள் செய்தி திருடுகிறோம்' என்று ஆங்கிலத்தில் வரும். ஜர்னல் விடாமல் இதைச் சொல்லிச் சொல்லிக் கொண்டாடியது.

நம்ம ஊர் சம்பந்தப்பட்ட ஏதாவது?

எம்டன் இருக்கிறதே! 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கடற்கரைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல். அதற்குச் சில நாள் முன்னால் வங்கக் கடலில் அது இண்டஸ் என்ற கப்பலைப் பிடித்தது, அதில் சோப்புச் சரக்கு ஏராளமாக இருந்தது. பிடித்த கப்பல்களிலிருந்து பத்திரிகைகளையும் எடுத்துப் படிப்பது எம்டன்காரர்களின் வழக்கம், எந்தக் கப்பல் எப்போது கிளம்புகிறது என்ற விவரமெல்லாம் அதில் கிடைக்கும். அப்படி ஒருநாள் கல்கத்தா பத்திரிகையைப் புரட்டினால் ஒரு விளம்பரம்: எங்கள் எலிசியம் சோப்பு அந்தக் கப்பலில் வருகிறது என்று தெரிந்துதான் எம்டன் அதைத் துரத்தியிருக்கிறது, இப்போது அந்த மாலுமிகளும் அவர்கள் துணிமணிகளும் சுத்தமாக, வாசனையாக இருப்பார்கள், நீங்களும் வாங்கிப் பாருங்கள்! கொள்ளை போன சரக்கை வைத்தே விற்பனை செய்த அந்த சோப்புக் கம்பெனிக்காரரின் சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு.

சிங்கப்பூரில் இருந்த நம் மக்கள் இன்னொன்றைப் பார்த்தார்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை தீவுக்குள் இறங்கிய நாட்களில், 'சிங்கப்பூர் நிலைத்து நிற்க வேண்டும், நிற்கும்' என்ற ஆளுநர் ஷென்டன் தாமஸின் வாசகத்தை அங்கத்தியப் பத்திரிகை தலையில் போட்டு வந்தது. 15ஆம் தேதி நகரம் சரணடைந்தது. 20ஆம் தேதி, ஊருக்கு ஜப்பானியர்கள் தந்த புதுப்பெயரில், ஷோனான் டைம்ஸ் என்று, புதுப் பத்திரிகை வந்துவிட்டது.

1982 ஃபாக்லாந்து போரில் இரண்டு பக்கமும் ஜெயித்ததாமே?

அர்ஜென்டினாவின் ஹென்தே பத்திரிகையின் அட்டையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மே தொடக்கத்தில் 'நாம் ஜெயிக்கிறோம்', மே 27 அன்று 'தொடர்ந்து ஜெயிக்கிறோம்'. பிரிட்டிஷ் படை 21ஆம் தேதியே தீவில் இறங்கியாகிவிட்டது. ஜூன் 14 அன்று அர்ஜென்டினப் படை சரணடைந்தது. மூழ்கடித்ததாகச் சொன்ன பிரிட்டனின் இன்வின்சிபிள் கப்பல் செப்டம்பரில் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தது.

பிரிட்டனின் சன் பத்திரிகை வேறு ரகம். அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ கப்பலைத் தாக்கிய செய்திக்கு மே 4 அன்று 'மாட்டினியா!' என்கிற தொனியில் ஒற்றைச் சொல்லில் கொட்டை எழுத்துத் தலைப்பு. எத்தனை பேர் இறந்தார்கள் என்ற தகவல் வரவர, பின்னால் வந்த பதிப்புகளில் அதை மாற்றிவிட்டார்கள். இறந்தவர்கள் 323 பேர். இந்தத் தலைப்பை வேடிக்கைப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு, நான் சேர்க்க மாட்டேன்.

போரில் இருந்த சிப்பாய்கள் இதையெல்லாம் படித்து என்ன நினைத்தார்கள்?

அவர்களே ஒரு பத்திரிகை போட்டார்கள். 1916 பிப்ரவரியில், பெல்ஜியத்தில் இடிந்து கிடந்த ஈப்ர் நகரில் பிரெட் ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் கேப்டனின் ஆட்களுக்கு ஓர் அச்சு இயந்திரம் கிடைத்தது. பதுங்குகுழியிலேயே அச்சடித்து வந்த ஏடுதான் வைப்பர்ஸ் டைம்ஸ் (ஈப்ர் என்பதைச் சிப்பாய்கள் அப்படித்தான் உச்சரித்தார்கள்). அதில் வந்த ஒரு விளம்பரம்: 'நம்பிக்கை நோயால் அவதிப்படுகிறீர்களா? காலையில் எழும்போது நேச நாடுகளுக்கு எல்லாம் நன்றாகப் போகிறது என்று தோன்றுகிறதா? பன்னிரண்டு மாதத்தில் போர் முடியும் என்று நினைப்பதுண்டா? எங்களிடம் இரண்டு நாள் தங்கினால் குணமாகிவிடும்.'

டெய்லி மெயில் நிருபர் பீச் தாமஸை 'டீச் போமஸ்' என்று பெயர் மாற்றி அவர் நடையிலேயே நக்கல் எழுதினார்கள். அதற்குக் காரணம் இருந்தது. 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள், பிரிட்டிஷ் தரப்பில் 57,000க்கு மேல் சேதம், அதில் 19,000க்கு மேல் சாவு. லண்டன் பத்திரிகைகள் நல்ல தொடக்கம் என்று எழுதின. தான் அப்போது எழுதியவை உண்மையல்ல என்பதால் மிகவும் வெட்கப்பட்டதாகப் பீச் தாமஸே பின்னாளில் எழுதிவைத்தார். அப்படி எழுதிய நிருபர்கள் மிகக் குறைவு, அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

இந்தப் பழைய தலைப்புகளை நானே தேடிப் படிக்க முடியுமா?

முடியும், காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் தேதிவாரியாகக் கிடைக்கின்றன. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் அந்தப் பகுதிப் பத்திரிகைகள் இருக்கின்றன. 1914 செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை 'எம்டன்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் அதை முடித்துக்கட்டும் வரை நாளுக்கொரு கதை கிடைக்கும். ஒரே நாள் தாளோடு நிறுத்திவிடாதீர்கள், ஒரு வாரத்துத் தாள்களையாவது சேர்த்துப் படியுங்கள், பக்கத்தில் ஒரு வரைபடமும் இருக்கட்டும்.